வாங்கன்னு கேட்ட அக்கா

எவர்சில்வர் சொம்பு ஒன்று. விளிம்பு வரை தண்ணீர். கழுத்துக்குக் கீழே, யாரோ எப்போதோ கீழே போட்டதில் விழுந்த நெளிசல். எங்கள் செயலியில் அவர் தன் பெயருக்குப் பக்கத்தில் வைத்திருந்த படம் இதுதான். மற்றவர்கள் எல்லாம் சாமி படம், ரோஜாப்பூ, பேரக்குழந்தை, கூலிங்கிளாஸ் போட்ட தங்கள் முகம் என்று வைத்திருந்தார்கள். இவர் மட்டும் ஒரு சொம்பை. முதன்முதலாக அதைப் பார்த்தபோது, "பாத்திரக்கடை போலிருக்கிறது" என்று நினைத்தேன். அந்த ஒரு நினைப்பு என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை இப்போது நினைத்தாலும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

பீளமேட்டில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். முதலாளியோடு சேர்த்து ஆறு பேர். அவரை நாங்கள் அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். நாங்கள் நடத்தியது எழுதுகிறவர்களுக்குப் பரிசு தரும் சமூக ஊடகச் செயலி. நீங்கள் ஒன்றை எழுதுகிறீர்கள், அல்லது ஒரு படம் போடுகிறீர்கள். பிடித்தவர்கள் விருப்பக்குறியை அழுத்துவார்கள். அழுத்த அழுத்த உங்களுக்குப் புள்ளி ஏறும். சேர்ந்த புள்ளிக்கு மொபைல் ரீசார்ஜோ மளிகைக் கூப்பனோ வாங்கிக்கொள்ளலாம். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. எல்லோருடைய அழுத்தலுக்கும் ஒரே மதிப்பு கிடையாது. நிறையப் புள்ளி வைத்திருப்பவர் ஒரு தடவை அழுத்தினால் எழுதியவருக்குத் தாராளமாகக் கிடைக்கும். நேற்று வந்தவர் நூறு தடவை அழுத்தினாலும் திரையில் சைபர்தான் காட்டும். புள்ளி குவித்த பத்துப் பதினைந்து பேரைப் பெரியவங்க என்போம். அவர்களுக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்புவோம். ஃபோனில் கூப்பிட்டால் எழுந்து நின்று பேசாத குறை. சைபர்காரர்களுக்கு அலுவலகத்தில் நாங்கள் வைத்திருந்த பெயர் தூசி. வாரம் ஒருமுறை நான் உட்கார்ந்து தேவையில்லாத கணக்குகளைப் பூட்டுவேன். அந்த வேலைக்குத் தூசி தட்டுவது என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவளும் நான்தான்.

அப்போது விளம்பரக்காரர்களின் தொல்லை தாங்க முடியவில்லை. இளைக்க வைக்கும் பவுடர், அன்னூர் பக்கம் வீட்டுமனை, முடி வளர எண்ணெய் என்று எந்தப் பதிவைத் திறந்தாலும் கீழே வந்து கடை விரித்தார்கள். எனக்குக் கோபம் சட்டென்று வரும். ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து ஒரு சல்லடை எழுதினேன். விற்கிறவர்கள் பயன்படுத்தும் சொற்களுக்கு ஒரு பட்டியல்: தள்ளுபடி, ஆஃபர், இலவசம், விற்பனை, வாங்க. ஆமாம், "வாங்க தொடர்பு கொள்ளவும்" என்று வருமே, அந்த வாங்க. ஒரே நாளில் பல இடங்களில் இந்தச் சொற்களைப் போடுகிற தூசிக் கணக்கைக் கேள்வி கேட்காமல் பூட்டு என்று சல்லடைக்குச் சொன்னேன். நான் வேறு நாட்டில் பிறந்தவள் அல்ல, ஆர்.எஸ்.புரத்தில் பிறந்து, காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை வாங்க, போங்க என்றே பேசுகிறவள். கல்யாணத்துக்குப் போய் வந்தால் சாப்பாட்டைப் பற்றிக்கூடப் பேசாமல், "வாசல்ல நின்னாங்க, வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கலை பாரு" என்று மூன்று நாள் பொருமும் அம்மாவுக்குப் பிறந்தவள். அந்தச் சொல்லுக்கு வேறொரு அர்த்தம் இருப்பது அன்றைக்கு என் புத்திக்கு எட்டவில்லை.

சல்லடை வேலை செய்தது. ஒரே வாரத்தில் பூட்டப்பட்ட கணக்குகளின் பட்டியல் நீளமாக வந்தது. அதில் அந்தச் சொம்பும் இருந்தது. பூட்டப்பட்டவர்கள் முறையிட ஒரு பெட்டி வைத்திருந்தோம். சொம்புக்காரர் எழுதியிருந்தார்: "நான் எதையும் விக்கலீங்க. வாங்கன்னுதானுங்க கேட்டேன்." அதைப் படித்து நான் சிரித்தேன். "இது விக்கலையாம், வாங்கத்தான் சொல்லுதாம்!" என்று பக்கத்து மேஜைக்கும் சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டு, முறையீட்டை மூடினேன். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

அடுத்த சில வாரங்களில் செயலி வெறிச்சோட ஆரம்பித்தது. புதிதாக வருகிறவர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். ஆனால் வந்தவர் ஒரு பதிவு போடுவார், மறுநாள் எட்டிப்பார்ப்பார், அவ்வளவுதான். பெரியவங்க ஒருவர் பதிவை ஒருவர் அழுத்திப் புள்ளியைத் தங்களுக்குள்ளேயே சுற்றிவிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களிலேயே ஒருவர் ஃபோன் செய்து, "புள்ளி வருதுங்க, படிக்கறதுக்குத்தான் ஆளில்லைங்க" என்று சலித்துக்கொண்டார். அண்ணா என்னைக் கூப்பிட்டு, "இந்த மாசக் கடைசி வரைக்கும் பார்ப்போம் அம்மணி. புதுசா வர்றவங்க நிக்கலீன்னா கடையைச் சாத்திப்போடலாம்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது கத்தியிருப்பேன். அவர் சாந்தமாகச் சொன்னதுதான் பயமாக இருந்தது. ஆறு பேர் வீட்டு அடுப்பு அந்த மாடியை நம்பித்தான் எரிந்தது.

விட்டுப்போனவர்களை ஒவ்வொருவராக ஃபோனில் கூப்பிட்டுக் காரணம் கேட்கத் தொடங்கினேன். நேரமில்லை, மறந்துவிட்டது என்றுதான் பெரும்பாலும் சொன்னார்கள். சூலூரில் தையல்கடை வைத்திருக்கும் ஒருவர் மட்டும் மனதில் இருந்ததைச் சொன்னார். "முன்னயெல்லாம் உள்ள வந்தா வாங்கன்னு கேக்க ஒரு ஆளு இருந்துச்சுங்க. என்ன எழுதுனாலும் ஒரு வார்த்தை விசாரிக்கும். இப்ப அதையும் காணோம். வாங்கன்னு கேக்காத ஊட்டுக்கு நாம எதுக்குங்க போகோணும்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஃபோனை வைத்துவிட்டுப் பூட்டிய பட்டியலைத் திறந்தேன். அந்தச் சொம்பு போட்ட கருத்துகளை முதலிலிருந்து படித்தேன். "வாங்க. புதுசுங்களா? எந்த ஊருங்க?" "வாங்க. அந்தப் படத்துல இருக்கறது உங்க பொண்ணுங்களா?" "வாங்க. காய்ச்சல்னு எழுதியிருந்தீங்களே, இப்பத் தேவலைங்களா?" இரண்டு வருடமாக, முதல் பதிவு போட்ட ஒவ்வொருவர் வாசலிலும் போய் நின்றிருக்கிறார். எங்களோடு தங்கியவர்களில் யாரைத் தொட்டாலும் அவர்களுடைய முதல் பதிவின் கீழே அந்தச் சொம்பு இருந்தது. அவர் போட்ட விருப்பக்குறிகளுக்கெல்லாம் சேர்த்து மதிப்பு சைபர். அந்த முறையீட்டை மறுபடி படித்தேன். "வாங்கன்னுதானுங்க கேட்டேன்." என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

உடனே பூட்டைத் திறந்தேன். இரண்டு நாளாகியும் அவர் வரவில்லை. பதிவு செய்திருந்த எண்ணுக்கு அடித்தால், பின்னால் தறிச் சத்தம் காதைப் பிளக்க, "ஒண்ணுமே கேக்கலீங்க, வெச்சர்றனுங்க" என்று கட்டாகிவிடும். கருமத்தம்பட்டியில் விசைத்தறி ஓட்டுகிறவர் என்பது அப்படித்தான் தெரிந்தது. வீட்டு முகவரியைக் குறுஞ்செய்தியில் கேட்டேன். எதற்கு என்றுகூடக் கேட்காமல் அனுப்பிவைத்தார். தறி ஓடாத ஞாயிற்றுக்கிழமை பார்த்து அவினாசி ரோட்டில் பஸ் ஏறினேன். மாதம் முடியப் பத்து நாள் இருந்தது.

வரிசையாக ஓட்டு வீடுகள். நான் போன நேரம் சொம்புக்கார அக்கா பூசைக்குப் போய்விட்டு அப்போதுதான் மாதா கோயிலிலிருந்து திரும்பியிருந்தார். நாற்பது நாற்பத்தைந்து வயதிருக்கும். வாசலில் என் நிழல் விழுந்ததுமே, "வாங்க கண்ணு, வாங்க. என்ன இந்த வெயில்ல? உள்ள வந்து மொதல்ல தண்ணி குடிங்க" என்று சொம்பை நீட்டினார். கழுத்துக்குக் கீழே அதே நெளிசல். வாயைத் திறந்து பேசப் பயந்துகொண்டு, ஒரு சொம்புத் தண்ணீரையும் மூச்சுவிடாமல் குடித்து முடித்தேன். மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் அவர் கேட்டார்: "ஏனுங்க, நீங்க ஆருன்னு தெரியலீங்களே?"

சொன்னேன். பூட்டியது நான்தான் என்பதையும், முறையீட்டைப் படித்துவிட்டுச் சிரித்தேன் என்பதையும்கூட மறைக்காமல் சொன்னேன். அவர் முகம் ஒரு கணம் சுருங்கியது. "நான் ஏதோ சொல்லக்கூடாததைச் சொல்லிப்போட்டேன்னு நெனச்சனுங்க. ஆரு மனசு நொந்துச்சோன்னு ரெண்டு நாளு சோறு எறங்கலை. சாமியார்கிட்டக்கூடக் கேட்டேன். ‘கொஞ்ச நாளைக்கு போனைத் தள்ளி வெய்யிம்மா, நல்லதுதான்’னு சொல்லிப்போட்டாருங்க." சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. புள்ளிக்காகவா இதையெல்லாம் செய்தீர்கள் என்று கேட்டேன். ஒரே ஒரு தடவை ரீசார்ஜ் கிடைத்ததாம். மகள்தான் பார்த்துச் சொன்னாளாம்.

"தறி ஓடறப்ப பக்கத்துல நிக்கற ஆளுகிட்டயும் பேச முடியாதுங்க, கைச்சாடைதான். அதனால டீ குடிக்கற நேரத்துல போனை எடுப்பேன். ஆராச்சும் புதுசா தனியா நின்னுட்டு இருப்பாங்க" என்றார். பிறகு, கேட்காமலேயே, பத்து வயதில் நடந்த ஒன்றைச் சொன்னார். அவருடைய அப்பா அம்மா வேலை செய்த தோட்டத்துக்காரர் வீட்டுக் கல்யாணம். பத்திரிகை வைத்தார்கள் என்று புதுத் துணி எடுத்து, மொய்யும் கையுமாகப் போயிருக்கிறார்கள். வாசலில் சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் பின்னால் வந்தவர்களையெல்லாம் வாங்க, வாங்க என்று உள்ளே அனுப்ப, இவர்கள் மட்டும் பந்தல் ஓரத்திலேயே நின்றிருக்கிறார்கள். "போகச் சொல்லவும் இல்லீங்க. வாங்கன்னு கேக்கவும் இல்லை. எங்கய்யன் செருப்பைப் பாத்துட்டே நின்னாரு. கடைசிப் பந்தில உக்கார வெச்சாங்க. எனக்கு எறங்கவே இல்லீங்க." என் பட்டியலில் நான் எதைப் பூட்டினேன் என்பது அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. இவரை மறுபடியும் ஒரு பந்தல் ஓரத்தில் நிறுத்தியிருக்கிறேன்.

செயலியை அழித்துவிட்டிருந்தார். "பூட்டுன ஊட்டு முன்னால எத்தனை நாளைக்குங்க நிக்கறது?" என்றார். நானே அவர் கைபேசியில் மறுபடி ஏற்றிக் கொடுத்தேன். வருவீர்களா என்று கேட்டதற்கு, "பாக்கலாமுங்க" என்றார். நம் ஊரில் பார்க்கலாம் என்றால் வரவில்லை என்றும் அர்த்தம்.

மறுநாள் முதல் வேலையாகப் பட்டியலிலிருந்து அந்தச் சொல்லை எடுத்தேன். கையோடு, பூட்டிய தூசிக் கணக்குகளை ஒவ்வொன்றாகப் படித்து, விற்க வராதவர்களைத் திறந்துவிட்டேன். எந்தப் பதிவுக்கும் "அப்பறம்?" என்று மட்டும் கேட்கும் ஒருவர், சமையல் குறிப்புக்கெல்லாம் "செஞ்சு பாத்தனுங்க" என்று சாட்சி சொல்லும் ஒருவர் என்று அதில் எத்தனையோ பேர் இருந்தார்கள். பிறகு திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தரை மணி, தறிக்காரர்கள் டீ குடிக்கும் நேரம். யாரோ ஒருவர் தன் ஆடுகளைப் படமெடுத்து முதல் பதிவாகப் போட்டிருந்தார். அதற்குக் கீழே சொம்பு வந்தது. "வாங்க. ஆட்டுக்கெல்லாம் பேரு வெச்சிருக்கறீங்களா?" அப்பாடா! விட்ட மூச்சில் மேஜைமேல் இருந்த காகிதம் பறந்தது. கீழே ஓடி ஆறு பேருக்கும் பஃப்ஸ் வாங்கிக்கொண்டு வந்தேன். ஏன் அழுகிறாய் என்று அண்ணா கேட்டார்.

ஆட்டுக்காரர் ஒவ்வொரு ஆட்டின் பெயரையும் எழுதினார். மறுநாளும் வந்தார். அவரைப் போலப் பலர் நின்றார்கள். மாதக் கடைசி வந்து போனது. கடை சாத்தும் பேச்சை அண்ணா எடுக்கவே இல்லை. பெரியவங்களிடம் புள்ளி இருந்தது, அதனால் யாருக்கு அழுத்தினால் என்ன திரும்பும் என்று யோசித்துத்தான் அழுத்துவார்கள். சிறியவர்களிடம் கொடுக்கப் புள்ளி இல்லை. ஆகவே வார்த்தையைக் கொடுத்தார்கள். அந்த வார்த்தை இருந்தால்தான் ஆள் நிற்பார்; ஆள் நின்றால்தான் பெரியவங்க எழுதுவதைப் படிக்க ஒரு கண் கிடைக்கும். பரிசு கொடுத்து ஆள் சேர்க்கலாம் என்று கிளம்பிய எங்களுக்கு இது புரிய இத்தனை பாடு. அண்ணா உற்சாகத்தில், இனிமேல் வாங்க சொல்கிறவர்களுக்குத் தனியாகப் புள்ளி கொடுக்கலாம் என்றார். அக்காவிடம் ஃபோனில் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை. "வேண்டாமுங்க கண்ணு. புள்ளி குடுத்தீங்கன்னா, அப்பறம் அது நீங்க பூட்டுனீங்களே, அந்த யாவார ‘வாங்க’வா ஆயிப்போயிருமுங்க."

இதெல்லாம் நடந்து சில வருடங்கள் ஆகின்றன. பேக்கரிக்கு மேல் இப்போது இரண்டு மாடி எங்களுடையது. தூசி என்ற சொல்லை அலுவலகத்தில் யாரும் சொல்வதில்லை. போன மாதம் ஆறு நாள் அந்தச் சொம்பைக் காணவில்லை. பழைய பயம் பிடித்துக்கொண்டது. சல்லடை ஏதாவது செய்துவிட்டதா என்று நாலு தடவை சோதித்தேன். ஆனால் புதிதாக வந்தவர்களின் பதிவுகளுக்குக் கீழே வாங்க இருந்தது. பழையபடி வந்துவிட்ட தையல்கடைக்காரர் கேட்டிருந்தார், ஆட்டுக்காரர் கேட்டிருந்தார். ஏழாம் நாள் அக்கா எழுதினார்: "பேத்தி பொறந்திருக்கறாளுங்க. இன்னைக்குத்தான் ஆசுபத்திரில இருந்து ஊட்டுக்கு வந்தோம்." அதன் கீழே, அந்தக் குழந்தைக்கு, வாங்க, வாங்க, வாங்க என்று விரல் வலிக்கத் தள்ளிக்கொண்டே போகுமளவுக்கு வந்திருந்தது.

இத்தனை வருடத்தில் அந்தச் செயலியில் எனக்கென்று ஒரு கணக்கு இருந்ததில்லை. வீட்டுக்குச் சொந்தக்காரிக்கு எதற்கு என்ற மிதப்புதான். அன்றைக்கு ஒன்று தொடங்கினேன். சொந்தப் பெயர் போடவில்லை, படம் வைக்கவில்லை. புள்ளி சைபர். எல்லோருக்கும் கடைசியாக நானும் "வாங்க" என்று எழுதினேன். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், என் ஒற்றைச் சொல்லுக்குக் கீழே, சின்ன வட்டத்துக்குள், விளிம்பு வரை தண்ணீரோடு அந்தச் சொம்பு. "வாங்க கண்ணு. உங்களை இதுக்கு முன்னால பாத்ததில்லீங்களே. புதுசுங்களா?"

"ஆமாங்க அக்கா," என்று எழுதினேன், "இன்னைக்குத்தான் வந்தனுங்க."