பூசைக்காக நிறுத்திய சோதனை

பாலம் மடிந்தது விஜயலெட்சுமியால்தான் என்று பீலிக்கரையில் தண்ணீர் பிடித்துக்கொண்டே பேசுகிறவர்கள், குடத்தைக் கொஞ்சம் இறக்கிவைத்துவிட்டுக் கேட்கட்டும்.

"பாலத்துக்குப் படம் கீறுனவ அவதானே? பயந்துதான் கொழும்புக்கு ஓடிட்டா" என்று மேல் லயத்து வரிசை வீடுகளில் ஒரு பேச்சு.

கீறியவள் அவள்தான். அது உண்மை. ஆனால் ஓடவில்லை, நடந்து போனாள், அதுவும் கொழும்புக்கு இல்லை.

மடுல்சீமைத் தோட்டத்தில் பிறந்த பிள்ளை. பதுளையில் கம்பியூட்டர் வகுப்பு முடித்து, கனகரத்தினத்தின் இரும்புப் பட்டறையில் சேர்ந்தாள். வகுப்பில் கேட்டதையே வீட்டில் வந்து சொல்லிக்கொண்டிருப்பாள்.

"இனிமே ஒரு சாமானச் செஞ்சு பாத்து ஒடைக்க வேணாம்மா. பாரம் தாங்காத எடம் மொதல்லயே பொட்டிக்குள்ள செவப்பாத் தெரியும்."

"ஒங்கப்பன் குடிச்சிட்டு எங்க விழுவாருன்னும் காட்டுமாடி?" என்பாள் தாய்.

இரண்டாயிரத்து மூன்றில் அவள் தோட்டத்து ஆறான ஓயாவுக்கே இரும்புப் பாலம் செய்யும் வேலை பட்டறைக்கு வந்தது. தேயிலைக் கொழுந்துச் சாக்கோடு பெண்கள் கடக்கிற பாலம். அவள் படம் கீறி, அதன்மேல் சாக்குகளின் பாரத்தையும் பெண்களின் பாரத்தையும் ஏற்றிச் சோதனைக்கு விட்டாள். பழைய கம்பியூட்டர். ஒரு ராத்திரியும் மறுபகலும் ஓடினால்தான் முடிவு தெரியும். மறுநாளோ ஆயுத பூசை.

காலையில் மேஸ்திரி அழகையா கடைசல் எந்திரத்துக்கும் சுத்தியலுக்கும் சந்தனம் வைத்துக்கொண்டே வந்தார். கம்பியூட்டர் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

"இது மட்டும் சாமிக்கு மேலயா? இன்னைக்கு ஆயுதமெல்லாம் ஒறங்கணும், தாயி."

"பாதியில நிக்குது, மாமா."

"நாளைக்கு எழுப்பிக்கிடலாம்."

அவளே அணைத்தாள். திரைக்குச் சந்தனமும் குங்குமமும் அவளே வைத்தாள். அன்றைக்கு எந்த வீட்டில் கத்தியை எடுத்துக் காய் நறுக்கினார்கள்? பீலிக்கரைக்காரர்கள் சொல்லட்டும்.

மறுநாள் எல்லாவற்றையும் முதலிலிருந்து போடவேண்டியிருந்தது. கனகரத்தினம் விடவில்லை.

"தீபாவளிக்கு முதல் பாலம் நிக்கவேணும், பிள்ளை. வெள்ளைக்காரன் கட்டின பாலமெல்லாம் கம்பியூட்டர் பாத்தோ நிக்குது?"

இரும்பை வெட்டத் தொடங்கிவிட்டார்கள்.

கார்த்திகை மழையில் பாலத்தின் ஒரு மூலை மடிந்தது. கொழுந்து பறிக்கிற ரெங்கம்மா சாக்கோடு பாறையில் விழுந்தாள். இடுப்பு போய்விட்டது. ஆஸ்பத்திரியில் விஜயலெட்சுமி கட்டிலருகே நின்றாள். அழவில்லை. அழுகை வராததைக்கூட அவள் கவனிக்கவில்லை.

"சோறு தின்னியா புள்ள?" என்று கேட்டது ரெங்கம்மாதான்.

பட்டறைக்குத் திரும்பிய விஜயலெட்சுமி அதே படத்தை மறுபடியும் சோதனைக்கு விட்டாள். மறுநாள் திரையில் ஒரே ஒரு மூலை சிவந்திருந்தது. மடிந்த அதே மூலை. திரையின் விளிம்பில் பூசைச் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது.

கனகரத்தினம் பின்னால் வந்து நின்றார்.

"உந்த முடிவை அழிச்சுவிடு, பிள்ளை. தோட்டத்துத் துரை வாறார். முதலே சோதிச்சனாங்கள், பிழை ஒண்டும் இல்லையெண்டு சொல்லு. உன்ர வேலைக்கும் கரைச்சல் வராது."

"அப்ப பாலம் ஏன் மடிஞ்சிச்சின்னு கேப்பாரே?"

"மழையெண்டு சொல்லுவம்."

"அழிக்க மாட்டேன் ஐயா."

"அப்ப நீ பிழையாக் கீறினதெண்டுதான் நான் சொல்லவேண்டி வரும்."

அவள் எழுந்தாள். சாப்பாட்டுப் பெட்டியையும் குடையையும் எடுத்துக்கொண்டாள். கம்பியூட்டரை இந்த முறை அணைக்கவில்லை.

வாசலில் துரையின் ஜீப் வந்து நின்றது.

"கம்பியூட்டரு உள்ள ஓடிக்கிட்டு இருக்குங்க, போய்ப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, மொனராகலை பஸ் நிற்கிற பக்கமாக நடந்தாள். மழை தூறியது. குடையை விரிக்க அவளுக்குத் தோன்றவில்லை.