தண்ணீர் நிறைந்தால் ஊமையாகும் கருவி

அந்த வாரம் முழுக்கச் சுபாஷினிக்குத் தலைவலி. காரணம் வெயில் அல்ல, முதலாளி ஸ்ரீகரன். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வெள்ள எச்சரிக்கைக் கருவி செய்யும் சிறு கம்பெனி அது. சோதனைப் பிரிவு என்றால் சுபாஷினி ஒருத்திதான். அவர்கள் செய்த கருவி ஒன்று ஜார்ஜ் டவுனில் அவள் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்குப் பின்னால், ஆற்றோரமாகவே நின்றது.

கருவி நீர்மட்டத்தை ஒன்று, பூஜ்யம் என்று நீண்ட கம்பி வழியே மறுமுனையில் உள்ள சைரன் பெட்டிக்கு அனுப்பும். கம்பியில் ஏற்ற இறக்கம் வருவதை வைத்தே பெட்டி எண்ணும். ஒன்றுக்குக் கம்பியில் மின்சாரம் இருக்கும், பூஜ்யத்துக்கு இருக்காது. மட்டம் உச்சத்தைத் தொட்டால் வரிசையாக ஒன்றுகள் மட்டுமே வரும், கம்பி அசையாமல் ஒரே நிலையில் நிற்கும். கைதட்டினால் எண்ணலாம், கையைச் சேர்த்தே வைத்திருந்தால் எதை எண்ணுவது? கணக்குத் தப்பிய பெட்டி வந்த செய்தியைத் தள்ளிவிட்டு, பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். சைரன் ஊதாது. அரை வாளித் தண்ணீரில் சோதித்தால் மட்டும் எல்லாம் பிரமாதம்!

“பாஸ், மான்செஸ்டர் முறைக்கு மாத்திருவோம். ஒன்னோ பூஜ்யமோ, ஒவ்வொரு பிட்டுக்கும் நடுவுல ஒரு ஏத்தமோ இறக்கமோ கண்டிப்பா இருக்கும். எண்ணிக்கை தப்பாது.”

“அப்ப வயர்ல ரெண்டு மடங்கு சிக்னல் ஓடணும் லா. பழைய வயர், தாங்காது.”

“வேகத்தைப் பாதியாக்குங்க. தண்ணி என்ன ஏரோப்ளேன்லயா வருது?”

“டெண்டர்ல போட்ட வேகத்தை எப்படிக் குறைக்கிறது? பாதித் தண்ணியில ஓகேதானே? விடு லா.”

சுவரிடம் பேசியிருந்தால் எதிரொலியாவது வந்திருக்கும். எரிச்சலை விழுங்கிக்கொண்டு தினமும் போய் நச்சரித்தாள். எப்படியும் சரிசெய்துவிடலாம், அதற்குள் ஏன் பீதியைக் கிளப்ப வேண்டும் என்று அக்கம்பக்கத்தில் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

ஞாயிறு மதியம் ஆறு பொங்கியது. சைரன் ஊதவில்லை. முழங்கால் தண்ணீரில் அடித்துப் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். வீட்டிலேயே நாசி கண்டார் சோறு சமைத்துக் கடைகளுக்குக் கொடுக்கும் ஹபீபா பீவி, ஊறிப்போன அரிசி மூட்டையைத் தனியாக இழுத்துக்கொண்டிருந்தார்.

“வானம் கறுத்தாலே மூட்டைய மேசை மேல ஏத்திருவேன் தங்கச்சி. இந்த வாட்டிதான் ஏத்தல. நீ செஞ்ச சைரன் இருக்கேன்னு சும்மா உக்காந்துட்டேன்.”

ஸ்ரீகரனைத் திட்டச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளெல்லாம், முன்கூட்டியே எச்சரிக்காத சுபாஷினியின் பக்கமே திரும்பின. குனிந்து மூட்டையின் மறுபக்கத்தைப் பிடித்தாள்.