பாதியாகிப்போன புரதம்

எனக்கு அவசரப்புத்தி. அதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன்.

என் ஆராய்ச்சியின் மூன்றாவது இயல் ஒரே ஒரு புரதத்தை நம்பி இருந்தது. கடற்பாசிச் சாறு ஊற்றிய செல்களில் அது இரண்டு மடங்காகக் கூடியிருந்தது. மறுபடி செய்து பார், கூடினால் இயல் நிற்கும், இல்லையென்றால் வெட்டிவிடலாம் என்று கைடு கறாராகச் சொல்லிவிட்டார்.

வேலை இதுதான். ஒரு தட்டுச் செல்களுக்குச் சாதாரண அமினோ அமிலம். இன்னொரு தட்டுக்கு அதிலேயே எடை கூடிய ரகம். ஏதாவது ஒரு தட்டில் மட்டும் பாசிச்சாறு. பிறகு இரண்டையும் சரிசமமாகக் கலந்து, புரதங்களைத் துண்டு துண்டாக நறுக்கி, துண்டுகளை எடைபோடும் வெளியூர்க் கருவிக்கு அனுப்புவோம். ஒவ்வொரு துண்டும் திரையில் ஜோடியாக வந்து நிற்கும், லேசானது ஒன்று, கனத்தது ஒன்று. எது எத்தனை மடங்கு பெரிது என்று அளக்க வேண்டும்.

இரண்டாவது தடவை முடிவுக் கோப்பு வந்த அன்று பூதப்பாண்டியில் எங்கள் வீட்டில் இருந்தேன். சோற்றைப் பாதியில் வைத்துவிட்டுக் கனத்ததை லேசானதால் வகுத்தேன். பாதி. அடுத்த துண்டும் பாதி. அந்தப் புரதத்தின் எல்லாத் துண்டுகளும் பாதி! மடிக்கணினியை மூடிவிட்டு ஓவென்று அழுதேன்.

"கரையணும்னா சோத்தத் தின்னுட்டுக் கரை," என்றாள் அம்மா.

என்னோடு ஆய்வகத்தில் வேலை செய்கிற கடியப்பட்டணத்துத் தோழிக்குப் போன் போட்டேன். மீன் வாங்கக் கடற்கரையில் நின்றாள் போல. பின்னால் ஏலச் சத்தம் காதைப் பிளந்தது.

"எல்லாம் போச்சு மக்கா. பாதியாத்தான் வந்திருக்கு."

"எல்லாத் துண்டுமா?"

"ஒண்ணு விடாம."

"ஏட்டி, இந்தத் தடவ சாற எந்தத் தட்டுல ஊத்துன?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முதல் தடவை கனத்த தட்டில் ஊற்றினோம். கூடினது சாற்றாலா, கனத்த அமினோ அமிலத்தாலா என்ற சந்தேகம் வரக்கூடாதே என்று, இரண்டாவது தடவை லேசான தட்டில் ஊற்றினோம். கனத்தது பாதி என்றால், சாறு ஊற்றிய லேசானதுதானே இரண்டு மடங்கு! அடச்சீ, மாற்றி ஊற்றச் சொன்னதே நான்தான்.

"தட்ட மாத்துன பொறவும் சாறு ஊத்துனதுலதான் கூடியிருக்கு. இதவிட என்னட்டி வேணும்? இதுக்கா கரைஞ்ச?" என்று சிரித்தாள்.

எனக்கு வந்த சந்தோஷத்தில் ஆறிப்போன சோறும் அமிர்தமாக இருந்தது.

திங்கட்கிழமை நாகர்கோவிலில் கைடு இரண்டு கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இயல் நிக்கட்டும்," என்றார். பிறகு, "தட்ட மாத்துனது யாரு யோசனை?" என்று கேட்டார்.

தோழி என்னைக் கை காட்டினாள். நான் அழுததை மட்டும் சொல்லவில்லை.