பதின்மூன்று படத்துச் சேர்மன்

அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு அடிக்கிற நோட்டீஸில் இடம் கிடைக்காத ஆளைக் கண்டுபிடிப்பது கஷ்டம். மோர்ப்பந்தல் போட்டவர், அவருடைய தம்பி, தம்பிக்குப் பம்பாயில் இருக்கும் மச்சினன் எல்லோரும் உண்டு. போன வருஷம் செத்துப்போனவர்கூட 'முன்னிலை' என்ற தலைப்பின்கீழ் ஒரு மூலையில் இருப்பார். ஆழ்வார்குறிச்சி வன்னியராஜுக்கு மட்டும் இருபது வருஷமாக இடமில்லை.

இத்தனைக்கும் கூட்டம் கூடுவதே அவன் வேலையைப் பார்க்கத்தான். சவுக்குக் கம்பில் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்காகச் சட்டம் கட்டி, ஒரே உருவத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துப் பதின்மூன்று நிலைகளில் சின்ன பல்புகளைக் கோப்பான். மர உருளை ஒன்றில் செப்புத் தகடுகளை ஒட்டி, லாரி வைப்பர் மோட்டாரால் சுற்ற விடுவான். உருளை சுற்றச் சுற்ற ஒரு படம் அணைந்து அடுத்தது எரியும். மயில் தோகை விரிக்கும். அம்மன் சூலத்தை ஓங்குவாள். பார்க்கிறவன் வாயைத் திறந்தபடி நிற்பான். நோட்டீஸிலோ 'ஒலி, ஒளி: திருஞானசம்பந்தம் சவுண்ட் சர்வீஸ்' என்றிருக்கும். திருஞானசம்பந்தம் முதலாளி. பியூஸ் போனால் சாமி குத்தம் என்று நம்புகிறவர்.

"நோட்டீஸ்ல எம்பேரும் ஒரு வரி போட்டா என்ன அண்ணாச்சி?" என்று வருஷத்துக்கு ஒருமுறை கேட்பான்.

"ஏலே, மயிலு ஆடுதா, சனம் பாக்குதா, அம்புட்டுதான். மயிலப் படச்சவன் பேர எவம்லே கேக்கான்?"

மயிலைப் படைத்தவன் பேரைக் கோயில் வாசலிலேயே எழுதி வைத்திருக்கிறார்களே என்று வன்னியராஜ் நினைத்துக்கொள்வான். சொன்னதில்லை.

தொண்ணூற்றெட்டு சித்திரையில் அவன் பேர் நோட்டீஸில் ஏற ஒரு வழி பிறந்தது. யூனியன் சேர்மன் அம்பலவாணன், ஏழைப் பெண்களுக்குச் சேலை வழங்கி நாலு மாதம் ஆகியிருந்தது. போட்டோ எடுத்து முடித்ததும் சேலைகளைத் திரும்ப வாங்கி வேனில் ஏற்றிவிட்டார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு. ஊர் என்றால் நாலு பேர் நாலு விதமாகப் பேசத்தான் செய்வார்கள். கொடைக் கமிட்டி அதையெல்லாம் நம்பவில்லை. சேர்மன் சேலை கொடுப்பதை விளக்குப் படமாக வைத்து அவரைக் கௌரவிப்பது என்று முடிவாயிற்று.

"இத மட்டும் நல்லா செஞ்சிரு. அடுத்த நோட்டீஸ்ல ஒம்பேரு. எங்காத்தா மேல சத்தியம்" என்றார் திருஞானசம்பந்தம்.

வன்னியராஜ் ஒரு மாதம் உழைத்தான். கிழவி கும்பிடுகிறாள், சேர்மன் கை நீள்கிறது, சேலை கைமாறுகிறது, கிழவி சிரிக்கிறாள். கும்பிடு சரியாக அமைய வேண்டுமென்று மனைவி இசக்கிச்செல்வியை நிற்கவைத்து அளவெடுத்தான்.

"இன்னும் எத்தன தடவ குனியணும்? இடுப்பு விட்டுப்போச்சு. அந்தச் சேலையையாவது எனக்குக் குடுப்பாவளா?"

"பைய குனிட்டி. பாவமா இருக்கணும்."

"ஒங்களக் கெட்டுன பொறவு பாவமாத்தான் இருக்கேன், இதுக்குன்னு தனியா குனியணுமாக்கும்."

கொடையன்று விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சேர்மன் கார் வந்து நின்றது. கால்வாய்க் கரையில் சட்டம் தயார். பக்கத்து மேடையில் அம்பாசமுத்திரம் மெல்லிசைக் குழு வயலின் வாசித்துக்கொண்டிருந்தது. வன்னியராஜ் மோட்டாருக்குப் பேட்டரி கொடுக்கப் போனபோது திருஞானசம்பந்தம் தடுத்தார்.

"கிரீசும் அழுக்குமா இங்கன நிக்காதலே, பெரிய மனுசங்க வாராங்க. ஜெனரேட்டர் பக்கம் போ. நானே குடுக்கேன்."

சிவப்பு ஒயரைச் சிவப்புக் கவ்வியில்தான் மாட்ட வேண்டும் என்று ஒரு கட்டுப்பாடு உண்டு. முதலாளிகளுக்குக் கட்டுப்பாடு ஏது? மாற்றி மாட்டினார். மோட்டார் கோபித்துக்கொள்ளவில்லை. அடக்கமாக எதிர்ப்பக்கம் சுற்றியது.

கிழவி கையில் சேலையோடு சிரித்தாள். சேர்மன் கை நீண்டது. சேலையை வாங்கிக்கொண்டு கை திரும்பிப் போயிற்று. பறிகொடுத்த கிழவி பாவமாகக் குனிந்து அவரைக் கும்பிட்டாள். பிறகு எங்கிருந்தோ மறுபடி ஒரு சேலையோடு சிரித்தாள். சேர்மன் அதையும் வாங்கிக்கொண்டார்.

கூட்டம் இரண்டு சுற்றுக்கு மூச்சுவிடவில்லை. மூன்றாம் சுற்றில் ஒரு பொம்பளைக் குரல் கிளம்பியது. "எங்கிட்டயும் இப்பிடித்தான் புடுங்குனாவ!" அதோடு அணை உடைந்தது. மேடையில் டிரம்ஸ் வாசித்த அசன் மைதீன் சிரிப்பை அடக்க முடியாமல், சேலை கைமாறும்போதெல்லாம் ஒரு உருட்டு உருட்டி, கும்பிடுக்குத் தாளத்தட்டில் ஓங்கி ஒன்று போட்டார். வயலினும் சேர்ந்துகொண்டது. அந்தக் குழு அதற்கு முன்பும் பின்பும் அவ்வளவு சுத்தமாகத் தாளம் பிசகாமல் வாசித்ததில்லை என்பார்கள். கால்வாய்த் தண்ணீரில் இன்னொரு சேர்மன் தலைகீழாக நின்று இன்னொரு சேலையைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

ஓடிப்போய் நிறுத்த வேண்டிய வன்னியராஜ் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பின்னோக்கிச் சுற்றியும் ஒரு பல்புகூட முறை தப்பவில்லை.

திருஞானசம்பந்தம் கைக்கு வந்த ஒயரையெல்லாம் இழுத்தார். கோயில் கோபுர விளக்குதான் அணைந்தது. கடைசியில் மைக்கைப் பிடுங்கினார். "சேர்மன் அண்ணாச்சி மன்னிக்கணும்! இதச் செஞ்சது நான் இல்ல! வன்னியராஜ்! ஆழ்வார்குறிச்சி வன்னியராஜ்! முழுக்க முழுக்க அவன் செஞ்சது!"

எட்டுக் குழாய் ஒலிபெருக்கியும் அந்தப் பேரைச் சொல்லின. வயலுக்கு அந்தப் பக்கமிருந்த ஊரிலும் கேட்டிருக்கும்.

அவனைச் சேர்மன்முன் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கமிட்டிக்காரர் ஒருவர் நியாயஸ்தர். "லே, உண்மையச் சொல்லு. பேட்டரி ஒயர மாட்டுனது நீயா, ஒன் மொதலாளியா?"

திருஞானசம்பந்தம் வானத்தைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொன்னால் போதும், வன்னியராஜ் வீட்டுக்குப் போகலாம். ஆனால் அந்த ஒரு வார்த்தையோடு படமும் முதலாளி பேருக்குப் போய்விடும். கூட்டம் இன்னும் படத்தைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தது.

"நாந்தான்" என்றான்.

"திருப்பி ஓட்டுனதும்?"

"அதுவும் நாந்தான்."

இசக்கிச்செல்வி தலையில் கை வைத்துக்கொண்டாள். சேர்மன் பக்கத்திலிருந்தவரிடம் திரும்பிப் பல்லைக் கடித்தார். "இவம் பேர எழுதிக்கிடும்வே. காலையில ஸ்டேஷன்ல வச்சுப் பாத்துக்கிடுதேன்."

பக்கத்திலிருந்தவர் சட்டைப் பையிலிருந்து பேனாவையும் தாளையும் எடுத்தார். வன்னியராஜ் ஓரடி முன்னால் வந்து, எழுதுகிற தாளை எட்டிப் பார்த்தான்.

"மு. வன்னியராஜ், அண்ணாச்சி" என்றான். "இனிஷியல விட்டுராதிய."