அப்பாவை உட்காரச் சொன்னவர்கள்

அவர்கள் கட்சியும் அல்ல, கமிட்டியும் அல்ல. ஆளும் பக்கத்தில் சிலர், எதிர்ப்பக்கத்தில் சிலர். இலங்கைப் பாராளுமன்றத்தில் தேயிலைத் தோட்டத்து ஆட்களின் குடியுரிமைப் பேச்சு வரும்போதெல்லாம் சேர்ந்து எழும்புகிற ஏழெட்டு மெம்பர்மார். வாரத்தில் ஒருநாள் அங்கே தேநீர் அறை மூலையில் கூடுவார்கள். எல்லாரும் ஒத்துக்கொண்டால்தான் ஒரு காரியத்தில் இறங்குவது, ஒருவர் மாட்டேன் என்றாலும் விட்டுவிடுவது என்பது அவர்களுக்குள் இருந்த ஏற்பாடு. பத்திரிகைகள் அவர்களை முற்போக்கு மெம்பர்கள் என்று எழுதின.

நான் அவர்களுடைய பேச்சுகளை வெட்டி வைத்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய் எஸ்.எஸ்.சி. தேறிய முதல் ஆள் நான். பக்கத்து அட்டன் டவுனில் ஒரு முஸ்லிம் முதலாளியின் புடைவைக்கடையில் வேலை. நான் பேப்பர் வெட்டுவதைப் பார்த்து முதலாளி சிரிப்பார்.

"தம்பி, ஒங்களுக்குத்தான் ஓட்டே இல்லயே. ஒங்களுக்காகப் பேசி அவங்களுக்கு என்னா லாபம்?"

"லாபம் பாக்காத மனுசங்களும் இருக்காங்க மொதலாளி."

"இருப்பாங்க, இருப்பாங்க" என்று துணியை அளக்கப் போய்விடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் எங்கள் தோட்டத்துக்கே வந்தார்கள். ஆளும் பக்கத்து மெம்பரும் வந்ததால் தோட்டத்தை நடத்துகிற துரை தடுக்கவில்லை. ஆபீசிலிருந்து நாற்காலிகளைப் பெரட்டுக் களத்துக்கு அனுப்பிவைத்தார். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்க நாங்கள் கூடுகிற களம் அது. வளைவுகளில் கார் சுற்றியதில் ஒரு மெம்பருக்கு வாந்தி கண்டு அவர் நுவரெலியாவிலேயே படுத்துவிட்டார். அதனால் ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தது.

பேசுவதற்கு லயத்து வரிசை வீடுகளின் ஆட்கள் அப்பாவை முன்னால் தள்ளிவிட்டார்கள். ஆங்கிலத்தில் சொல்ல நான் பக்கத்தில் நின்றேன். அப்பா தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கைகட்டி நின்றார். வேலை வாங்குகிற கணக்கப்பிள்ளை நிற்கிற இடத்தில் தொழிலாளி உட்காருவது எங்கள் தோட்டத்தில் கிடையாது. அன்றைக்குக் கணக்கப்பிள்ளைக்கும் நாற்காலி இல்லை. மெம்பர்மாருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

வெள்ளை உடுப்புப் போட்ட வக்கீல் மெம்பர் காலி நாற்காலியைக் காட்டினார். உட்காரச் சொல் என்றார் என்னிடம்.

"வேணாங்க சாமி. நிக்கிறதுதான் எங்களுக்குப் பழக்கம்" என்றார் அப்பா.

"அவர் நின்றால் நாங்களும் நிற்போம்" என்று வக்கீல் எழுந்துவிட்டார். மற்றவர்களும் எழுந்தார்கள். தன்னால் இத்தனை பெரிய மனிதர்கள் நிற்பது அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. நாற்காலியின் விளிம்பில், அது சுடுகிற மாதிரி, உட்கார்ந்தார். கூட வந்த பத்திரிகைக்காரர் படம் எடுத்தார்.

"நானும் இந்தத் தோட்டத்துலதாங்க பொறந்தேன், எங்கப்பாவும் இங்கதான் பொறந்தாரு" என்று அப்பா சொன்னார். "அவரு பொறந்ததுக்குக் கடுதாசி கேட்டு என் குடியுரிம மனுவத் தள்ளிட்டாங்க. எந்த மலையில எப்பத் தேயில நட்டாங்கன்னு எழுதி வச்சிருக்காங்க சாமி. ஆளு பொறந்தத யாரு எழுதி வச்சா?"

மெம்பர்மார் கைதட்டினார்கள். கணக்கப்பிள்ளையும் தட்டினார். ஆட்கள் கலையும்போது அப்பாவிடம் மெதுவாகக் கேட்டார்: "நாற்காலி சொகமா இருந்துச்சா பெரியவரே?"

மறுநாள் பெரட்டில், ஒரு கை ஒடிந்த நாற்காலி களத்தின் நடுவே கிடந்தது.

"தொரை உத்தரவு. ஒனக்கு இனிமே ஒக்கார்ற வேலதான்" என்றார் கணக்கப்பிள்ளை. "பயப்படாத, பேரு போட்டு சம்பளம் குடுத்துடுவோம். வேல முடியிற வரைக்கும் ஒக்காந்திருக்கணும். எந்திரிச்சா பேரு வெட்டு."

தோட்டத்தில் பெயரை வெட்டினால் வேலை மட்டும் போவதில்லை. லயத்தில் குடியிருக்கிற ஒற்றை அறைக் காம்பராவும் போய்விடும். அப்பா உட்கார்ந்தார்.

மழை வந்தது. எல்லாரும் தலையில் சாக்கு மாட்டிக்கொண்டு மலைக்குப் போனார்கள். அப்பாவும் சாக்கைப் பிரித்தார். "மெம்பருக்குச் சாக்கு எதுக்கு?" என்று கணக்கப்பிள்ளை வாங்கிவைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அப்பாவுக்கு மெம்பர் என்று பெயர். முதல் நாள் கொழுந்து எடுக்கும் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார்கள். அந்த வாரம் முடிவதற்குள் சிரிக்கப் பழகிவிட்டார்கள். அழுதால் கணக்கப்பிள்ளை கொழுந்து நிறுவையில் கை வைப்பார். பிள்ளைகள் வரிசையாக நின்று, "மெம்பரய்யா சலாம்!" என்றன. அம்மா கூடையோடு அந்த வழியாகத்தான் போகவேண்டும், நிமிராமல் போவாள்.

அப்பா ஒருமுறை ஒதுங்கப் போகவேண்டும் என்று கேட்டார்.

"பார்லிமெண்டுல உத்தரவு வாங்கிட்டு வா" என்றார் கணக்கப்பிள்ளை. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பா பொறுத்துப் பார்த்தார், முடியவில்லை. அன்று மாலை அம்மா அந்த வேட்டியைத் தண்ணீர் விழுகிற பீலிக்கரையில் அலசும்போது பக்கத்தில் யாரும் போகவில்லை.

நான் முதலாளியிடம் லீவு கேட்டுக்கொண்டு கொழும்புக்கு ரயில் ஏறினேன். வெட்டி வைத்திருந்த பேச்சுகள் எல்லாம் மனதுக்குள் ஓடின. நியாயம் தெரிந்தவர்கள், ஒரு டெலிபோன் போதும், துரை பணிந்துவிடுவான் என்று நம்பினேன்.

வக்கீல் மெம்பர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். தேநீர் அறை மூலையில் மற்றவர்களிடம், "நாற்காலியில் உட்கார்ந்தாரே, அவருடைய மகன்!" என்றார். அப்பாவின் படம் அவருடைய பைலில் இருந்தது. ஒரு தொழிலாளியை நாற்காலியில் உட்காரவைத்ததைச் சபையில் சொன்னாராம். நெடுநேரம் மேசையைத் தட்டினார்களாம்.

நான் நடந்ததைச் சொன்னேன். வேட்டி அலசியதையும் சொன்னேன். என் முன்னாலேயே ஆங்கிலத்தில் யோசித்தார்கள்.

ஆளும் பக்கத்து மெம்பர், "இப்போது தோட்டத் துரைமாரைப் பகைத்தால் குடியுரிமை மசோதாவில் நாம் கேட்கிற திருத்தம் போய்விடும்" என்றார்.

"சம்பளம் கொடுக்கிறார்கள் அல்லவா? சட்டப்படி என்னவென்று கேட்பது?" என்றார் இன்னொருவர்.

வக்கீல் அப்பாவின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "வேலையைத் திருப்பி வாங்கிக் கொடுத்துவிட்டால் இது ஒன்றுமில்லாத சங்கதி. மழையில் உட்கார்ந்திருக்கிற மனிதன், அதுதான் சாட்சி" என்றார். என் தோளில் கை வைத்தார். "தம்பி, அடுத்த மாதம் விவாதம். அதுவரைக்கும் அவரால் அப்படியே உட்கார்ந்திருக்க முடியுமா?"

அன்போடுதான் கேட்டார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர்கூட மாட்டேன் என்று சொல்லவில்லை. எனக்குக் கேக் ஒரு துண்டு வரவழைத்துக் கொடுத்தார்கள். பசியில் அதைத் தின்றேன்.

நான் திரும்பி வந்தபோது அப்பா அடுப்புச் சூட்டில் காலைக் காட்டிக்கொண்டிருந்தார். பாதம் ஊறி வெளுத்திருந்தது.

"என்னா சொன்னாங்க?"

சொன்னதைச் சொன்னேன்.

"அப்ப அவங்களும் ஒக்காரத்தான் சொல்றாங்க" என்றார்.

"பேசாம ஒக்காந்துதான் தொலைங்களேன். கூரையாவது இருக்கும்" என்றாள் அம்மா.

மறுநாள் அப்பா பெரட்டுக்குப் போனார். கணக்கப்பிள்ளை நாற்காலியைக் காட்டினார். அப்பா நின்றார். "ஒக்காருய்யா மெம்பரு" என்றார் கணக்கப்பிள்ளை. அப்பா நின்றுகொண்டே இருந்தார். பகலுக்குள் பெயரை வெட்டினார்கள், அம்மாவின் பெயரையும் சேர்த்து. காவல்கார வாட்சர்மார் வந்து சட்டிபானைகளைச் சாக்கடைக் கானில் எறிந்தார்கள். லயத்தில் ஒரு கதவும் திறக்கவில்லை.

முதலாளி கடைக்குப் பின்னால் இருந்த சாமான் அறையில் இடம் கொடுத்தார். இடித்து ஒரு வார்த்தை பேசவில்லை; அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அப்பா கடையில் துணிப்பொதி இறக்கும் வேலை பார்த்தார்.

விவாதம் நடந்தது. பேப்பர் வந்ததும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். நாம் இங்கே மெத்தை ஆசனங்களில் இருக்கிறோம், இந்த நிமிஷமும் ஒரு மனிதன் மழையில் ஒடிந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான் என்று வக்கீல் மெம்பர் பேசியிருந்தார். சபை மௌனமாகக் கேட்டதாம். பிறகு மசோதா நிறைவேறியது. அவர்கள் கேட்ட திருத்தம் கிடைக்கவில்லை.

"இன்னமும் ஒக்காந்திருக்கேன்னா சொன்னாரு?"

"ஆமாப்பா. தோட்டத்த விட்டு வந்தத எழுதி அனுப்பட்டுமா?"

"வேணாம். எந்திரிச்சிட்டேன்னு தெரிஞ்சா அவங்க பேச்சு கெட்டுப்போவும்" என்று அப்பா அடுத்த பொதிக்குக் குனிந்தார்.