இரண்டு விரல் இடைவெளி

இன்னும் கொஞ்சம்

"இன்னும் கொஞ்சம் இறக்குங்கண்ணே" என்றான் சேகர். நான் ஜாக்கை ஏற்கெனவே வெளியே எடுத்துவிட்டிருந்தேன். கார் தன் முழுப் பாரத்தோடு தரையில்தான் நின்றது. ஸ்பிரிங் கடையில் வேலை பார்த்து இடுப்பு நொந்தவர்களுக்கு இந்த 'இன்னும் கொஞ்சம்' பழகியிருக்கும். எண்பதுகளில் கோல சிலாங்கூரில் எங்கள் கடையே அந்த வார்த்தைகளில்தான் ஓடியது.

சேகர் பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் அப்பாவோடு இருந்தான். தினமும் ரவாங் தொழிற்சாலைக்குப் போய்வர ஒரு பழைய சிவப்புக் கார் வாங்கியிருந்தான். இரண்டே கதவு, நீளமான மூக்கு. கார் தாழ்ந்து நிற்க ஸ்பிரிங்கை வெட்டித் தரச் சொன்னான். வெட்டிய ஸ்பிரிங், கார் ஒரு மேட்டில் ஏறி இறங்கினால் இடம் பெயர்ந்துவிடும். வெட்டமாட்டேன் என்று சொல்லி, குட்டையாகவே செய்த ஸ்பிரிங்கைக் கிள்ளானிலிருந்து தருவித்து மாட்டினேன். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே எத்தனை விரல் நுழைகிறது என்பதுதான் அந்தக் காலத்து அழகுக் கணக்கு. இரண்டு விரல் போதும் என்று பேச்சு. நான் இரண்டு விரலை நுழைத்துக் காட்டினேன். அவன் மண்டியிட்டுத் தன் கையை நுழைத்தான். மூன்று விரல் தாராளமாகப் போனது.

"உங்க விரலு வாழப்பழம் மாதிரி இருக்குண்ணே. என் விரல்ல அளந்து செய்ங்க லா."

புல் வெட்டும் கார்

ரிம்மிலும் அவன் பிடிவாதம். பெரிய ரிம், மெல்லிய டயர். ரிம் பெரிதானால் டயரில் காற்றுக்கு இடம் குறையும், கல்லெல்லாம் நேராக உள்ளே கேட்கும் என்றேன். ஐந்து கம்பி ரிம் ஒன்றைச் சுவரிலிருந்து இறக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அதையே மாட்டிக் கொடுத்தேன்.

அடுத்த வாரமே வந்தான். தோட்டத்துச் செம்மண் பாதையில் டிராக்டர்கள் ஓடி ஓடி இரண்டு பக்கமும் பள்ளம். நடுவில் புல் முளைத்த மேடு. டிராக்டர் அதைத் தொடாமல் போகும். இவன் கார் வயிற்றால் அதைச் சீவிக்கொண்டு வந்திருக்கிறது. சைலன்சரில் ஒரு கட்டுப் புல்லும், செம்பனை மட்டையின் நுனியும் செருகியிருந்தன. பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக் காதர் நானா, தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த குவளையோடு வந்து குனிந்து பார்த்தார்.

"ஏன் தம்பி, எஸ்டேட்ல புல்லு வெட்ட ஆள் பத்தலைன்னு உன்னைய சேத்துக்கிட்டாங்களா?"

முன் இருக்கை

சைலன்சரைத் தூக்கிக் கட்டியனுப்பினேன். பிறகு ஒரு சனிக்கிழமை, தனியாகப் போகும்போது இல்லாத சத்தம் பக்கத்தில் ஆள் இருந்தால் வருகிறது என்று வந்தான். பக்கத்தில் இருந்த ஆள் அவன் அப்பா மாணிக்கம். தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியே முதுகெலும்பு தேய்ந்தவர். வாராவாரம் ஆஸ்பத்திரிக்கு இந்தக் காரில்தான் வந்துபோனார். மடித்த தலையணை ஒன்றைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார்.

சத்தத்தைக் கேட்க நான் பின்னால் ஏறினேன். அந்த மாதிரிக் காரின் பின் இருக்கை முழங்கால் உள்ளவர்களுக்குச் செய்ததல்ல. பாசிர் பெனாம்பாங் பாலத்து இணைப்பில் ஏறியதும் 'தக்' என்றது. குட்டை ஸ்பிரிங் பாரம் தாங்காமல் அடியிலுள்ள ரப்பர் கட்டையில் போய் இடிக்கிறது. அந்த இடி அடுத்ததாகப் போகும் இடம் உட்கார்ந்திருப்பவரின் முதுகு. பெரியவரின் கை கதவுக்கு மேலிருந்த கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தது. விரல் கணுக்கள் வெளுத்திருந்தன. முகம் மட்டும் சிரித்தபடி.

"வலிக்குதாப்பா?" என்று கேட்டான் சேகர்.

"டிராக்டர்ல குந்துனவனுக்கு இது மெத்தைடா. நீ ஓட்டு."

ஒரு காருக்கு இரண்டு பேர்

கடைக்குத் திரும்பியதும் சேகர் தேநீர் வாங்கப் போனான். பெரியவர் உட்காரவில்லை. கார்க் கூரையில் கையை ஊன்றி நின்றார். பழைய ஸ்பிரிங் கடையில்தான் இருக்கிறது, ஒரு வார்த்தை சொன்னால் மாற்றிவிடலாம் என்றேன். அவர் காதர் நானா கடைப் பக்கம் பார்த்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினார்.

"அவன்கிட்ட வாயத் தொறந்துடாத தம்பி. பொறந்ததுலேருந்து இப்பத்தான் ஒண்ணு ஆசப்பட்டு வாங்கிருக்கான்."

இடது பக்கம்

அடுத்த சனிக்கிழமை சேகர் தனியாக வந்தான். அப்பா ஆஸ்பத்திரிக்கு வரவில்லையாம், முதுகு சரியாகிவிட்டதாம், இனிமேல் போகத் தேவையில்லை என்கிறாராம். சந்தோஷமாகத்தான் சொன்னான்.

வாயைத் திறக்காதே என்று பெரியவர் கேட்டுக்கொண்டது நினைவில் இருந்தது. ஆனால் சத்தம் இன்னும் தீரவில்லையே. சாவியை வாங்கிக்கொண்டு, நான் ஓட்டுகிறேன், நீ இடது பக்கம் உட்கார்ந்து கேள் என்றேன். கார் வாங்கியதிலிருந்து அவன் அந்தப் பக்கம் உட்கார்ந்ததே இல்லை. வண்டி ஓட்டுகிறவன் பள்ளத்தை முன்னாலேயே பார்த்து உடம்பைத் தயார் செய்துகொள்வான், பிடித்துக்கொள்ள ஸ்டியரிங்கும் இருக்கிறது. பக்கத்தில் இருப்பவருக்கு அந்த வசதி இல்லை. நேராக அவர்கள் தோட்டத்துப் பாதையிலேயே விட்டேன். வேகமாகவும் போகவில்லை, மெதுவாகவும் போகவில்லை. அவன் போகிற மாதிரியே போனேன்.

மூன்றாவது பள்ளத்தில் அவன் கை தானாக மேலே போய்க் கைப்பிடியைப் பிடித்தது. அது கையோடு ஆடியது. ஒரு பக்கத்து ஸ்குரூ பிடுங்கிக்கொண்டு வந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டு வந்தான். தோட்டத்து வீடுகள் வரிசையாக இருந்த லயத்து முனையில் காரைத் திருப்பினேன். பாதி தூரத்தில் அவனே கேட்டான்.

"பழைய ஸ்பிரிங்க தூக்கிப் போட்டுட்டீங்களாண்ணே?"

ஏறிய கார்

போடவில்லை. காரை இறக்கியவர்கள் ஒருநாள் திரும்பி வருவார்கள் என்று கம்பியால் கட்டி வைப்பது எங்கள் வழக்கம். பழைய ஸ்பிரிங்கை மாட்டி, கைப்பிடியையும் முறுக்கிவிட்டேன். ரிம்மையும் கழற்றிவிடுங்கள் என்றான். ரிம்மின்மேல் எந்தக் குற்றமும் இல்லை, இடியைத் தாங்கும்படி கொஞ்சம் தடித்த டயர் போதும் என்று அதை மட்டும் காப்பாற்றிக் கொடுத்தேன். இப்போது என் விரலே நான்கு நுழைந்தது. காதர் நானா, "குந்தியிருந்த காடி எந்திரிச்சிருச்சே" என்றார். சேகர் சிரித்தான். காரைச் சுற்றி ஒருமுறை வந்தான், சக்கரத்தின் பக்கம் குனியவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில் டயர்க் காற்றுப் பார்க்க நிறுத்தினார்கள். பெரியவர் முன் இருக்கையில் இருந்தபடியே என்னிடம் முறையிட்டார்.

"நல்லா இருந்த காடிய லோரி மாதிரி தூக்கி வச்சிட்டான் பாரு தம்பி. கேட்டா, இஞ்சின் எண்ணெய்ச் சட்டி தரையில தட்டுதுங்கிறான்."

"ஆமாம் ஐயா, நானே பார்த்தேன், நல்லாத் தட்டிக்கிட்டிருந்தது" என்றேன்.

சேகர் சாவியைத் திருகினான். உரிமையாளரும் பயணியும் மெக்கானிக்கும் ஆளுக்கொரு பொய் சொன்ன பிறகுதான் எங்கள் தொழிலில் ஒரு ஸ்பிரிங் சரியாக உட்காருகிறது. கார் கடை முன்னாலிருந்த கால்வாய்ப் பலகைமேல் ஏறி இறங்கியது. பெரியவர் லேசாக எழும்பி, அடியிலிருந்த தலையணையை உருவிப் பின் இருக்கையில் போட்டார்.