ஞாயிற்றுக்கிழமை மீன்

முதுகலை மாணவர்கள் ஆய்வேட்டைத் திருடி எழுதிவிடக் கூடாது என்று எங்கள் துறையில் எத்தனை கட்டுக்காவல்! மென்பொருளில் போட்டு, எங்கிருந்தாவது வரி உருவியிருக்கிறார்களா என்று பார்ப்போம். சொந்த உழைப்பு என்று எழுதி வாங்குவோம். கள நோட்டில் ஒவ்வொரு திங்கட்கிழமையும் வழிகாட்டி 'சரிபார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். அப்படி ஒரு மாணவிக்கு வழிகாட்டி நான்.

புதுக்கோட்டை மளிகைக்கடைக்காரர் மகள். கீழவைப்பார் கடற்கரையில் கரையேறும் மீனை நிறுத்து எழுதுவது அவள் ஆய்வு. முதலில் வகுப்பு இல்லாத சனிக்கிழமைகளில் போய்வந்தாள். கடைசி ஆறு வாரம், "தினமும் போ" என்று சொல்லியிருந்தேன். தினமும் என்றால் எங்களுக்கு ஞாயிறு நீங்கலாக. அதை அவளிடம் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மென்பொருள் அவள் ஏட்டில் ஒரு குறையும் காணவில்லை. வாய்மொழித் தேர்வுக்கு முந்தின வாரம்தான் அட்டவணையை நிதானமாகப் படித்தேன். ஏழு நாளைக்கு ஒருமுறை மீன் ஏகமாய் ஏறியிருந்தது. காலண்டரைப் பார்த்தேன். அத்தனையும் ஞாயிறு. நான் கடற்கரைக்காரி. ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆட்கள் மாதா கோயில் பூசைக்குப் போவார்கள், கடலுக்குப் போக மாட்டார்கள். உடனே அவளைக் கூப்பிட்டு அனுப்பினேன்.

"ஏளா, நீ அங்கன போகவே இல்லையா?"

"போவல மேடம். அம்மாவ பெரியாஸ்பத்திரில சேத்திருந்தோம். கூட இருக்க வேற ஆளில்ல."

"அதுக்கு ஞாயித்துக்கெழம மட்டும் ஏன் இவ்வளவு மீனு?"

"எங்க கடையில அன்னைக்குத்தான் யாவாரம் சாஸ்தி. அங்கனயும் அப்படித்தான் இருக்கும்னு போட்டுட்டேன்."

சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று கோபமாகக் கேட்டேன்.

"ஒவ்வொரு திங்கக்கெழமயும் சொல்லணும்னுதான் வந்தேன். நீங்க போன் பேசிக்கிட்டே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டீங்க."

விதிப்படி, அவள் செய்ததைத் துறைக்கு எழுதிக்கொடுத்தேன். விசாரணைக் குழுவில் மூத்த பேராசிரியர் நோட்டைப் புரட்டிவிட்டு, "வாராவாரம் கையெழுத்து இருக்கே, மேடம் ஒண்ணும் கேக்கலையா?" என்றார்.

நான் வாயைத் திறக்குமுன் அவள் சொன்னாள்: "கேட்டாங்க சார். நான்தான் பொய் சொல்லி ஏமாத்திட்டேன்."

இல்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். மேசைமேல் இருந்த தண்ணீர்ப் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏட்டை நிராகரித்து, அடுத்த வருடம் புதிதாகச் செய்யச் சொன்னார்கள். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. வெளியே வந்ததும், "வாரேன் மேடம்" என்று மட்டும் சொன்னாள்.

அவள் திரும்பி வரவில்லை. அம்மா இறந்துவிட்டதாகவும், அவள் கடையைப் பார்த்துக்கொள்வதாகவும் கேள்விப்பட்டேன். பஸ்ஸில் அந்தக் கடை வழியாகப் போகும்போதெல்லாம் நான் கடைக்கு மறுபக்க ஜன்னலோரம்தான் உட்காருகிறேன். இப்போது மாணவர்களின் நோட்டில் ஒரு வரி விடாமல் படிக்கிறேன், யாருக்கு என்ன பிரயோசனம்?

அவளுடைய நோட்டு என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. அந்த ஆறு வாரமும் அவள் எழுதியது பொய்தான். அதற்குக் கீழே, என் கையெழுத்துக்கு மேலே, 'சரிபார்த்தேன்' என்று ஆறு முறை எழுதியிருப்பது நான்.